பழைய காருக்குப் புதிய வலு: பிறேக்கைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், 1970களில் ஜேர்மனியில் தயாரான போர்ஷே 911 கார் ஒன்றை அடியோடு பிரித்து, பிந்திய காலத்து எஞ்சினும் மின்னணுக் கட்டுப்பாடுகளும் பொருத்தி, புதுக் காருக்கு நிகராக ஓட வைத்த கதை படங்களுடன் வெளிவந்திருந்தது. மோட்டார் பொறிமுறை கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற வகையில் அதை ஆர்வத்தோடு வாசித்தேன். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் இத்தகைய விடயத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி கூற வேண்டும். ஆயினும் கட்டுரை முழுவதும் எஞ்சினின் வலு எவ்வளவு கூடியது என்பதையே சுற்றிவந்ததும், அந்த வலுவைத் தாங்குவதற்குக் காரின் மற்றைய பாகங்களில் என்ன செய்தார்கள் என்பது படமொன்றின் கீழ் ஒரே வரியில் முடிந்துவிட்டதும் பெருங்குறையாகவே எனக்குப் பட்டன. நம் ஊரில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களில் இதே வகையான வேலையை இளைஞர்கள் இப்போது ஆங்காங்கே செய்து வருகிறார்கள். அந்தக் கட்டுரையை வாசித்தவர்கள் தங்கள் வேலையை எந்த முனையில் தொடங்குவார்கள் என்ற கவலையினாலேயே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு திருத்தம். காரின் பின்மூடியிலுள்ள கம்பி வலையைக் காட்டும் படத்தின் கீழ் 'றேடியேற்றர் பகுதி' என்று அச்சாகியிருந்தது. அந்தக் காரில் றேடியேற்றரே கிடையாது. 1963இல் பிராங்க்பேர்ட் கண்காட்சியில் முதலில் வைக்கப்பட்ட நாளிலிருந்து 1998இல் 993 என்ற வகை நிறுத்தப்படும் வரை, 911இன் எஞ்சின் காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சினாகவே இருந்தது. பின்மூடியைத் திறந்தால் கண்ணில் படுவது ஒரு பெரிய காற்றாடி. அது பெல்ற்றினால் சுழன்று ஆறு சிலிண்டர்களின் மேலும் காற்றை அடிக்கிறது. மீதி வெப்பத்தை எஞ்சின் ஒயில் சுமந்து செல்கிறது. அதனால்தான் அந்த எஞ்சினுக்குத் தனியான ஒயில் தாங்கி உண்டு. சாதாரணக் காருக்குப் போதுமான ஒயிலைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் அது கொள்ளும். ஒயில் மட்டத்தை எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் ஃபோக்ஸ்வேகன் வண்டுக் காரில் வேலை செய்த மெக்கானிக்மாருக்கு இதில் பாதி பழகிய விடயமே. 1948இல் வந்த முதலாவது போர்ஷேயான 356 அந்த வண்டுக் காரின் பாகங்களைக் கொண்டே உருவானது. எஞ்சினைப் பின்னால் வைப்பதும் காற்றினால் குளிர்விப்பதும் அந்த வழியாகவே 911க்கும் வந்து சேர்ந்தன.

எஞ்சின் பின்னால் இருப்பது என்று சொல்லும்போது, அது பின் அச்சுக்கும் அப்பால், காரின் வால் பகுதியில் தொங்கிக்கொண்டிருப்பதையே குறிக்கிறேன். முதலில் வந்த 2 லீற்றர் எஞ்சின் 130 குதிரைவலுதான் கொடுத்தது. அந்த அளவு வலுவுக்கே, வளைவொன்றின் நடுவில் சாரதி பயந்து திடீரென அக்சலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பகுதி வெளியே வீசப்படும் பழக்கம் அதற்கு இருந்தது. தொழிற்சாலை இதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைப் பாருங்கள். ஆரம்பத்தில் முன் பம்பரின் இரு முனைகளுக்குள்ளும் கனமான உலோகக் கட்டிகளை மறைத்து வைத்தார்கள். இதைவிட நேர்மையான ஒப்புதல் வாக்குமூலத்தை எந்த மோட்டார் கம்பனியிடமிருந்தும் எதிர்பார்க்க முடியாது. பின்னர் 1969ஆம் ஆண்டுக்குரிய கார்களில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீற்றர் கூட்டினார்கள். எஞ்சினை அசைக்காமல் பின் சக்கரங்களையே பின்னுக்குத் தள்ளினார்கள். ஒரு பற்றறிக்குப் பதிலாக இரண்டு பற்றறிகளை முன் மூலைகளில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். 1973ஆம் ஆண்டுக்குரிய கரேரா ஆர்எஸ் 2.7 என்ற புகழ்பெற்ற வகை 210 குதிரைவலுவை எட்டியபோது, முன் சக்கரங்களைவிட அகலமான சக்கரங்கள் பின்னால் வந்தன. வேகத்தில் பின்பகுதி மேலெழுவதைக் குறைப்பதற்காக மூடியின் மேல் தாரா வால் போன்ற தகடும் வந்தது. ரேர்போ வகையின் வலு 1978இல் 3.3 லீற்றர் எஞ்சினுடன் 300 குதிரைவலுவுக்கு ஏறியபோது, அதே ஆண்டில் அதற்குப் பந்தயக் காரான 917இலிருந்து எடுத்த பிறேக் அமைப்பையும் கொடுத்தார்கள். வலு கூடிய ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்துவதும் பிடித்து வைப்பதும் சேர்ந்தே வளர்ந்தன. கட்டுரையில் இந்த வரலாற்றுக்கு ஒரு பந்தி ஒதுக்கியிருந்தால், வெறும் 1970களின் உடம்புக்குள் 911இன் பிந்திய வகையான 964இன் 250 குதிரைவலு கொண்ட 3.6 லீற்றர் எஞ்சினை வைப்பது எவ்வளவு பொறுப்பான காரியம் என்பது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும்.

நல்ல பட்டறையில் இந்த வேலை எஞ்சினில் தொடங்குவதில்லை. காரை வெறும் கூடாக்கி, பெயின்ற்றை முழுவதும் உரித்து, துருவைத் தேடுவதில்தான் தொடங்குகிறது. 1976ஆம் ஆண்டுக்குரிய கார்களிலிருந்துதான் போர்ஷே துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய தகட்டினால் முழு உடம்பையும் செய்தது. அதற்கு முந்தியவற்றில் கதவின் கீழ்ச் சட்டங்களும், பற்றறி அமிலம் கசிந்த முன் தட்டும், முன் சக்கரங்களைத் தாங்கும் அடித்தகடும் உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருக்கும். வெளியில் கண்ணாடி போல மினுங்கும் கார், தூக்கிப் பார்த்தால் கையோடு உதிரும். மேலே ஒட்டுப் போடாமல் வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டி, உடம்பு நேராக நிற்கிறது என்று அளந்து உறுதி செய்த பிறகுதான் பிறேக்கும், சுருள்வில்லுக்குப் பதிலாக முறுகி அதிர்வைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளும், சொக் அப்சோபர்களும், சக்கரங்களும் தீர்மானிக்கப்படுகின்றன. எஞ்சின் கடைசியில் வருகிறது. தங்கள் கட்டுரையில் படமாக வந்த காரும் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். நாலாவது படத்தில் சக்கரத்துக்குள் தெரிந்த பெரிய காலிப்பர், அதாவது பிறேக் தட்டைப் பற்றிப் பிடிக்கும் பாகம், பழைய காரோடு வந்தது அல்ல. அதைப் பற்றி ஒரு வசனம் எழுதியிருக்கலாம்.

இனி நம் ஊர் விடயத்துக்கு வருகிறேன். பழைய காரை வைத்து ஓட்டுவது யாழ்ப்பாணத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கியது அல்ல. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடை நடப்பில் இருந்த ஆண்டுகளில் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராத நிலையில், ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய மெக்கானிக்மாரை நடுத்தர வயதினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக் கரி பிடிக்கும். பின்னால் வருபவருக்குக் கண் எரியும். இருந்தும் அந்தக் கார்கள் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயின. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருட் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு, தாழ்ந்ததாக இருந்தபடியாலேயே அவை இதைத் தாங்கின. 10க்கு மேற்பட்ட அமுக்க விகிதம் கொண்ட 1980களின் போர்ஷே எஞ்சினில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால், அன்றைக்கே பிஸ்ரனுக்குக் காடாற்றியிருக்க வேண்டும். ஆகவே பழைய வாகனத்தைக் காலத்துக்கேற்ப மாற்றும் கலையில் கலிபோர்னியாவிலும் ஜேர்மனியிலும் உள்ளவர்களிடம் மட்டுந்தான் கற்க வேண்டும் என்றில்லை. மொறிஸ் மைனரின் உடம்புத் தகடுகளை இந்த நாட்டிலேயே அடித்து இங்கிலாந்தின் பாத் நகரத்திலிருந்த புகழ்பெற்ற மைனர் பட்டறைக்கு அனுப்பிய காலமும் உண்டு.

ஆனால் இப்போது நான் வீதியில் காண்பது வேறு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில், கொட்டிலுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த கார்கள்கூட வெளியே வந்தன. அவற்றில் பலவற்றுக்கு, பழைய எஞ்சின் கிடைக்காமலோ பிடிக்காமலோ, ஜப்பான் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் ஏற்றப்பட்டுள்ளன. இதில் தவறில்லை, ஜப்பான் எஞ்சின் ஒயில் ஒழுக்காது, காலையில் ஒரே சாவியில் எழும்பும், பாகமும் எங்கும் கிடைக்கும். தவறு எஞ்சினோடு வேலை நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. பொனற்றைத் திறந்து காட்டும் பெருமையில், கீழே என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர் குனிந்து பார்ப்பதில்லை.

மைனரின் பிறேக் மிதியை அழுத்தும்போது ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்று அதை ஓட்டும் பல இளைஞர்களுக்குத் தெரியாது. சாரதி கால் வைக்கும் தட்டுக்குக் கீழே, அடிச்சட்டத்துக்குள், மழை நீரும் சேறும் படும் இடத்தில் அது கிடக்கிறது. மூடியைத் திறப்பதற்குக் கம்பளத்தை எடுத்து, தட்டைக் கழற்ற வேண்டும். அதனால் யாரும் திறப்பதில்லை. பிறேக் ஒயில் வற்றியதும் தெரிவதில்லை. அதைவிட முக்கியமானது, நான்கு சக்கரங்களுக்கும் பிறேக் ஒயில் செல்வது ஒரே சுற்றில்தான். எந்த ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தாலும் நான்கிலும் பிறேக் போய்விடும். சக்கரங்களுக்குள் இருப்பவை ட்ரம் பிறேக்குகள். 948 சிசி எஞ்சின் 37 குதிரைவலு கொடுத்த காலத்தில் முன் ட்ரம்மின் விட்டம் 7 அங்குலம். 1962இல் 1098 சிசி எஞ்சினுடன் வலு 48 ஆனதும் கம்பனி அதை 8 அங்குலமாக்கியது. வெறும் 11 குதிரைவலு கூடியதற்கே ட்ரம்மை மாற்றிய காரில், நாம் 70, 80 குதிரைவலுவை ஏற்றிவிட்டு அதே ட்ரம்மோடு ஏ-9 வீதியில் இறங்குகிறோம். வேகம் 70 கிலோமீற்றரிலிருந்து 100க்கு ஏறும்போது, நிறுத்துவதற்கு உறிஞ்ச வேண்டிய சக்தி இரண்டு மடங்காகிறது. மணிக்கு 70 கிலோமீற்றர் என்பது நகருக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமும் ஆகும். முறிகண்டிக்குத் தெற்கே அதை மதிப்பவர்களை எண்ணிவிடலாம்.

பிறேக்கைப் போலவே முன் சக்கர மூட்டும் கவனிக்கப்படுவதில்லை. வியப்பாக இருக்கலாம், மைனரிலும் பழைய 911இலும் முன் சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் அல்ல, நீளவாட்டில் கிடக்கும் முறுக்குத் தண்டே. ஆனால் மைனரில் சக்கரம் திரும்பும் தூணின் அடி ஒரு திருகுப்புரி மூட்டுக்குள் இறங்குகிறது. அதற்கு முறையாகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் தூண் மூட்டிலிருந்து கழன்று, சக்கரம் உள்ளே மடிந்து, கார் மூக்குக் குத்தி நிற்கும். மெதுவாக ஒழுங்கைக்குள் திரும்பும்போது இது நடந்தால் ரிங்கர் வேலையோடு போகும். புதிய எஞ்சின் தந்த வேகத்தில் நடந்தால் என்னவாகும் என்பதை எழுதத் தேவையில்லை.

செய்ய வேண்டியவற்றில் எதுவும் நம் பட்டறைகளுக்கு அப்பாற்பட்டவை அல்ல. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக்கும், இரண்டு சுற்றுக் கொண்ட மாஸ்ரர் சிலிண்டரும் வைப்பதற்கு ஓர் உறுதியான தாங்கியைச் சரியான தடிப்பில் வெட்டித் துளையிடத் தெரிந்த லேத்காரர் போதும். பழைய கைநெம்பு வகைச் சொக் அப்சோபருக்குப் பதிலாகக் குழாய் வகையைப் பொருத்தலாம். டைனமோவை எடுத்து ஒல்ரனேற்றர் போட்டால் இரவில் விளக்கு விளக்காக எரியும். பற்றறியின் நேர் முனையை உடம்போடு இணைத்திருந்த பழைய வயர் முறையை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பழைய எஞ்சினையே வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஈயம் கலந்த பெற்றோல் இந்நாட்டில் 2002இல் நின்றுவிட்டது. எஞ்சினின் வார்ப்பிரும்புத் தலையில் நேரடியாகக் கடையப்பட்ட, வால்வு வந்து அமரும் இருக்கைகள் ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே போகும். எஞ்சின் பிரிக்கும்போது கடினமான இருக்கை வளையங்களை இறுக்கிப் போட்டுவிடுவது நல்லது. போர்ஷேக்கு இந்தக் கவலை இல்லை. அதன் தலை அலுமினியம், இருக்கைகள் தொடக்கத்திலிருந்தே தனியாகப் பொருத்தப்பட்டவை. சாரதியும் பயணிகளும் அணியும் இருக்கைப் பட்டியைக் கட்டாயம் பொருத்துங்கள், இதில் இரண்டாம் முறை யோசிக்கவே வேண்டாம்.

இத்தனை மாற்றம் செய்தால் அது பழைய காராகுமா என்று கேட்பவர்களும் உண்டு. தங்கள் கட்டுரை வெளியான பின் எனக்குத் தெரிந்த சிலர் அந்தப் போர்ஷேயைக் 'கெடுத்துவிட்டார்கள்' என்றே குறைப்பட்டார்கள். எந்தக் காரை எடுத்தோம் என்பதில்தான் இதற்குப் பதில் தங்கியுள்ளது என்பது என் எண்ணம். மொத்தம் 1580 மட்டுமே செய்யப்பட்ட ஆர்எஸ் 2.7இல் ஒன்றை வெட்டினால் அது குற்றந்தான். இந்தத் துறையில் இன்று அதிகம் பேசப்படும் கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனத்தார் தங்கள் வேலைக்குப் பெருமளவில் செய்யப்பட்ட 964ஐயே அடிப்படையாக எடுத்தார்கள். ஜேர்மனியில் 1997 முதல் 30 வருடம் கடந்த வாகனங்களுக்குத் தனி எழுத்துடைய இலக்கத் தகடும் வரிச்சலுகையும் உண்டு; ஆனால் அது கிடைப்பதற்குக் கார் பெரும்பாலும் மூல நிலையில் இருக்க வேண்டும், மாற்றங்கள் அக்காலத்துக்குரியவையாக இருக்க வேண்டும். நவீன எஞ்சின் ஏற்றியவருக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. ஓட்டுவதற்குத் தடையும் இல்லை, தனியான சோதனையில் தேறினால் சரி. பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், மாற்றம் தவிர்க்க முடியாதபோது அது திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், கழற்றிய முக்கிய பாகங்களைக் காரோடு பேண வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. இதில் நமக்கு உடனே பொருந்துவது இரண்டாவது பகுதி. ஜப்பான் எஞ்சின் ஏற்றியதும் மைனரின் சொந்த எஞ்சினைக் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, அந்த எஞ்சினோ உருக்காலையில் இருக்கிறது. மாற்றிய எஞ்சினை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் ஓட்டுபவர், விபத்தொன்றின் பின் காப்புறுதிக் கம்பனியின் மேசைக்கு முன்னால் அமரும்போதுதான் அதன் பெறுமதியை அறிகிறார். ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடுடைய கார்களைத் தெற்கிலிருந்து வந்து தேடி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பதும் இந்த இலக்கங்களைத்தான்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, இத்தகைய கட்டுரைகளை நிறுத்தாமல் தொடர்ந்து வெளியிடுங்கள். ஆனால் அடுத்த முறை கட்டுரையாளர் பட்டறைக்குப் போகும்போது, எஞ்சினின் வலுவைக் கேட்பதற்கு முன், பிறேக் எந்தக் காரினுடையது, சக்கரத்தின் அகலம் என்ன, கழற்றிய பாகங்கள் எங்கே என்ற கேள்விகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மற்றது, கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் அரசின் உதவியோடு அமைந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும், யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் மோட்டார்த் துறை மாணவர்கள் படிக்கிறார்கள். பழைய கார்களின் பிறேக், முன் மூட்டு, வயர் வேலை ஆகியவற்றுக்கு வார இறுதிக் குறுகிய பயிற்சி ஒன்றை அங்கே தொடங்கினால், மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்மாரில் இன்னும் வேலை செய்யக்கூடியவர்களை வளவாளர்களாக அழைக்கலாம். அவர்களில் சிலர் கொக்குவில், மானிப்பாய்ப் பக்கங்களில் இப்போதும் காலையில் கராஜ் திறக்கிறார்கள். அந்த இரு நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் தங்கள் பத்திரிகையை வாசிப்பவர்கள் என்பதால், இந்த யோசனையை அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவதற்காகவாவது இக்கடிதத்தைச் சுருக்காமல் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.